பாதையில் நின்ற மணவறை லொறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்து முடிப்பதற்குள் நான் எங்கேயாவது மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் அத்தான் பல வருடங்களாக அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கே கிடைக்கவில்லை.

ஆண் ஓட்டும் லொறி நடுவழியில் நின்றால் பிழை லொறியில். பெண் ஓட்டும் லொறி நின்றால் பிழை பெண்ணில். இது உலக நியதி. அந்த நியதியை மாற்றப் புறப்பட்ட நான், அதைக் கல்வெட்டில் வெட்டிவைத்தது போல் உறுதிப்படுத்திவிட்டு வந்த கதைதான் இது.

களுவாஞ்சிகுடியில் நான் மணவறை வாடகைக்கு விடுகிறேன். தூண்கள், தோரணம், இரண்டு மயில்கள், மணமக்கள் இருக்கும் ஆசனம், எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியவை. இவற்றை ஏற்றித் திரிய ஒரு சின்ன லொறி. பழைய எஞ்சின் உயிரை விட்டபோது எல்லோரும் "வித்துப்போடு" என்றார்கள். நான் விற்கவில்லை. ஜப்பானில் கழற்றிய எஞ்சின் ஒன்றை, அதன் ஓட்டோ கியரோடும் கம்பியூட்டரோடும் வாங்கினேன். எஞ்சினை இறக்கிப் பூட்டியது கராஜ்காரர். வயர் வேலை முழுவதும் நான். ஒரு ரஷ்யாக்காரரின் காணொளிகளைப் பார்த்துப் படித்தேன். (அவர் பேசியது ஒரு சொல் விளங்கவில்லை. வயருக்கு மொழி கிடையாது.)

எஞ்சின் ஓடியது. ஓடியதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. பின்பக்கம் முழுக்க விளக்குப் பூட்டினேன். உன்னிச்சைப் பக்கம் போகும்போது யானைக்கு உதவும் என்று காற்று ஹோர்ன் ஒன்றும் பூட்டினேன். (யானை அதைக் கேட்டு விலகவில்லை. யாரென்று பார்க்க வந்தது.) எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஸ்கேனர் வாங்கினேன். வாகனத்தின் கம்பியூட்டரோடு பேசி, நோய் என்னவென்று திரையில் காட்டும் சின்னப் பெட்டி. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு டாக்குத்தர் மாதிரித் திரிந்தேன். கலியாண வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு, கேட்காமலே அவர்களுடைய கார்களுக்கு வைத்தியம் பார்த்தேன். "உங்கட காருக்கு மூச்சுக்குழாயில பிரச்சினை" என்று ஒருவரிடம் சொல்ல, அவர் பாயசத்தைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அத்தான் என் அக்காவின் கணவர். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம், மண்டூரில் வயல் செய்கிறார். அவருடைய உழவு இயந்திரத்தில் கம்பியூட்டர் இல்லை; ஆகவே கம்பியூட்டர் உள்ள எதுவும் வாகனமே அல்ல என்பது அவர் கொள்கை. அவருடைய மகள் மதுராவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, மணவறையை மட்டக்களப்பு டவுனிலிருந்து எடுப்பதாகத்தான் அவர் எண்ணம். மதுரா ஒரே பிடியாக நின்றாள். "சின்னம்மாட மணவறை எண்டாத்தான் இருப்பன். இல்லாட்டி நிலத்தில இருந்து தாலி கட்டுறன்."

அத்தான் இறங்கி வந்தார். ஆனால் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: "சாந்தி, அந்த லொறி நடுவழியில நிண்டா, பிறகு படுவான்கரையில ஒருத்தரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

"நிண்டாத்தானே, அத்தான்" என்றேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் மணவறை இன்னொரு வீட்டில் இருந்தது. அதனால் கலியாணத்தன்று விடியத்தான் ஏற்ற முடிந்தது. பூட்டுகிற ஆட்களை முன்கூட்டியே மண்டூருக்கு அனுப்பிவிட்டேன். என்னை நம்பாத அத்தான், மகளின் கலியாண நாளில் வீட்டை விட்டு, என்னைக் கூட்டிப்போக விடியவே வந்து நின்றார். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் சாரதி ஆசனத்தில் குனிந்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் செய்றீங்க?"

"பிள்ளையார். விக்கினம் வராம இருக்க."

டாஷ்போர்டின் நடுவில் உள்ளங்கை அளவு வெண்கலப் பிள்ளையார், ஸ்குரூ ஆணியால் இறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார். அழகாகத்தான் இருந்தார். நான் தொட்டுக் கும்பிட்டுவிட்டு லொறியை எடுத்தேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து மண்டூருக்குப் போக இரண்டு வழி. ஒன்று பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றிப் போவது. மற்றது குருமண்வெளிக்குப் போய்ப் பாதையில் ஏறுவது. எங்கள் பகுதியில் பாதை என்றால் றோட்டு அல்ல. வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான மிதவை. சுற்றுவழியின் பள்ளங்களில் மயில்களின் கழுத்து முறியும் என்பதால் நான் பாதையைத் தேர்ந்தேன். பிறகு என்னைச் சந்தித்த அத்தனை பேரும் "பாலத்தால போயிருக்கலாமே" என்றார்கள். அத்தனை பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: மயில்களின் கழுத்து முறியவில்லை.

பாதையில் ஏறும்போது முன்சில்லு இரும்புத் தட்டில் தடாரென்று ஏறி விழுந்தது. எஞ்சினை நிறுத்தினேன். பத்துப் பன்னிரண்டு சனம், நாலைந்து மோட்டார் சைக்கிள், ஒரு மீன்பெட்டிக்காரர், நடுவில் எங்கள் லொறி. வாவி பளிங்கு மாதிரிக் கிடந்தது. அத்தான் புதுப் பட்டுவேட்டி சால்வையோடு முன்னால் நின்று, மண்டூர்க் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். மகளைப் பெற்றவரின் முகம். அதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

கரை வந்தது. மோட்டார் சைக்கிள்கள் இறங்கின. நான் எஞ்சின் திறப்பைப் போட்டுத் திருப்பினேன்.

எல்லா விளக்கும் எரிந்தன. மீற்றர் முள்ளுகள் ஒருமுறை துள்ளிவிட்டுப் படுத்தன. எஞ்சின் பேசவில்லை. திரும்பத் திருப்பினேன். விளக்குகள் மட்டும் நத்தார்ப் பண்டிகை மரம் மாதிரி மின்னின.

"எடு புள்ள" என்றார் பாதைக்காரர்.

"எடுக்கிறன்."

எடுபடவில்லை. தள்ளி இறக்கலாமென்று கியரை நியூட்ரலுக்கு மாற்றப் பார்த்தேன், கம்பு அசையவில்லை. கம்பியூட்டர் சம்மதம் சொன்னால்தான் அந்தக் கம்பு அசையும். அப்படியான நாகரிகமான கியர் அது. லொறி, பாதையின் நடுவில் அறைந்துவைத்த முளை மாதிரி நின்றது.

அத்தான் கதவருகே வந்தார். "நிண்டிட்டுதோ?"

"நிக்கேல்ல அத்தான். யோசிக்குது."

ஸ்கேனரை எடுத்தேன். இந்த இடத்தில் நான் ஸ்கேனரை எடுத்த விதத்தைச் சொல்லவேண்டும். சனமெல்லாம் பார்க்கும்படி, மெதுவாக, ஒரு சிறு புன்னகையோடு எடுத்தேன். செருகினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் வந்தது இரண்டே சொல்: தொடர்பு இல்லை.

"என்னவாம்?" என்று கேட்டார் மீன்பெட்டிக்காரர்.

"கதைக்குதில்லையாம்" என்றேன்.

"என்ன கோபமோ?"

சனம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. "கம்பியூட்டர் பெட்டி போயிற்று. நான் அண்டைக்கே சொன்னனான். பொம்புளப் புள்ள வயர் இழுத்தா..." என்று தொடங்கினார்.

"பெட்டி போகேல்ல அத்தான்! என்ர வயரில ஒரு பிழையும் இல்லை!"

இதைச் சொல்லிவிட்டு, என் வயரில் பிழை தேடத் தொடங்கினேன். இப்போது யோசித்தால், முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, வயர் சோதிக்கும் மீற்றரை எடுத்து அளந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி நிதானமாக அளந்துகொண்டிருக்க முடியுமா? வேகம் காட்ட வேண்டாமா? டாஷ்போர்டின் கீழ்மூடியைப் பிடுங்கினேன். ரேடியோவைப் பிடுங்கினேன். பியூஸ் பெட்டியைப் பிடுங்கித் தொங்கவிட்டேன். வயர்கள் குடல் சரிந்தது மாதிரி வெளியே வந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆசனத்தின் மேல் காலும் பெடலின் பக்கம் தலையுமாகக் கவிழ்ந்து கிடந்தேன்.

அப்போது பாதைக்காரர் சொன்னார்: "அக்கரையில சனம் நிக்குது. இனி நிக்க ஏலா. நான் பாதையைத் திருப்புறன்."

"லொறி?"

"லொறியும் வரும்."

அப்படியாக மணவறை, மண்டூர்க் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் குருமண்வெளிக்குப் பயணமானது. மணமகளின் தகப்பனும் அதோடு பயணமானார். இறங்கியிருக்கலாம். ஆனால் என்னைத் தனியே விட்டால் மிச்ச லொறியையும் பிரித்துவிடுவேன் என்று பயந்தார் போலும்.

வாவியின் நடுவில், தொங்கிய வயர் ஒன்று லொறியின் இரும்பில் தொட்டது. அது யானைக்குப் பூட்டிய ஹோர்னின் வயர்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நிற்காமல், மூச்சு விடாமல், வாவி முழுக்க அடித்தது. கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எந்த வயர் என்று எனக்குத் தெரியவில்லை, ஒவ்வொன்றாக இழுத்தேன், ஹோர்னோடு சேர்ந்து வைப்பரும் ஓடத் தொடங்கியது.

"பற்றரியைக் கழட்டு!" என்று கத்தினார் அத்தான்.

(அன்றைய நாளில் அவர் சொன்ன ஒரே சரியான வார்த்தை அது. நானும் மறுக்கவில்லை.)

பற்றரி லொறியின் பக்கவாட்டில், பாதையின் ஓரக் கம்பியோடு ஒட்டினாற்போல் இருந்தது. அத்தான் பட்டுவேட்டியோடு குப்புறப் படுத்துக் கையை விட்டார். ஹோர்ன் நின்றது. அவருடைய புதுச் சால்வை நழுவி வாவியில் விழுந்து, மெதுவாக விரிந்து, மிதந்து போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அமைதியில்தான் மண்டூர்க் கரையிலிருந்து மேளச்சத்தம் கேட்டது. பிறகு வெடி.

ஹோர்னைக் கேட்டு, மாப்பிள்ளை வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். தூரத்தில் அக்கா ஆலாத்தி எடுக்கும் தட்டோடு கரைக்கு வந்து நிற்பது தெரிந்தது. நாங்களோ அவர்களை விட்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

உண்மையான மாப்பிள்ளை குருமண்வெளிக் கரையில் நின்றார். கல்லாற்றிலிருந்து வந்த சுரேன். பக்கத்தில் அவருடைய மாமி, கையில் தாலியும் கூறைச்சேலையும் வைத்த கூறைத் தட்டு, பின்னால் அவருடைய சனம், அலங்கரித்த கார், படம்பிடிக்கிறவர். பாதையில் கார் ஏற இடமில்லை. என் லொறி நின்றது.

"பாலத்தால சுத்தி வாங்களன்" என்றேன், கவிழ்ந்த நிலையிலிருந்து தலையை நீட்டி.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாலி வெளிக்கிட்டா வெளிக்கிட்டதுதான். திரும்ப ஏலா. நாங்க நடந்து ஏறுறம்."

ஏறினார்கள். சுரேன் ஏறினார். நான் அவருக்கு ஏறக்குறைய மாமியார் முறை. மருமகன் முதன்முதலாகச் சந்தித்தது என் பாதங்களைத்தான். பாதை திரும்பவும் மண்டூரை நோக்கிப் புறப்பட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணவறை இன்னும் துண்டு துண்டாக லொறிக்குள் கிடந்தது.

அத்தான் என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "சாந்தி, என்ர புள்ள நிலத்திலதான் இருக்கப் போகுது என்ன?"

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவர் ஏசவில்லை. அந்தக் குரல் எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். முதல் முறையாக அன்று மீற்றரைக் கையில் எடுத்தேன்.

எஞ்சின், கியர், மீற்றர்ப் பலகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பியூட்டர். எல்லாம் ஒன்றோடொன்று கதைப்பது ஒன்றாக முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்களால். அந்த இரண்டும் எங்காவது ஒன்றையொன்று தொட்டுவிட்டால் எல்லாமே ஊமை. ஸ்கேனர் செருகும் இடத்தில் மீற்றரை வைத்தேன். அறுபது ஓம் அளவில் காட்ட வேண்டும். பூச்சியம் காட்டியது. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். அப்போதும் பூச்சியம். அப்படியானால் பெட்டி ஒன்றும் போகவில்லை. வயரே எங்கோ நசுங்கியிருக்கிறது.

டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த இரண்டு வயரையும் விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். டாஷ்போர்டின் நடுவுக்கு வந்ததும் விரலில் ஏதோ குத்தியது. பார்த்தேன். மேலிருந்து துளைத்து இறங்கிய நீளமான ஸ்குரூ ஆணியின் கூர். இரண்டு வயருக்கும் நடுவாக, பூ தொடுத்த மாதிரி.

பச்சை வயரும் வெள்ளை வயரும் ஆணியில் கோத்துக்கிடந்தன. பாதையில் ஏறும்போது விழுந்த அடியில் இரண்டும் நன்றாக இறுகியிருக்கின்றன.

நான் மெதுவாக எழுந்து வந்தேன். முகத்தில் கிரீஸ். வாயில் இருந்த டோர்ச்சை எடுத்தேன். "அத்தான், இந்தப் பிள்ளையாருக்கு எவ்வளவு நீள ஆணி போட்டீங்க?"

அவர் விரலால் நீளம் காட்டினார். "கட்டை ஆணி ஆடிச்சுது. அதால வாசல் கதவுக்குப் போடுற ஆணி போட்டன்."

சனமெல்லாம் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தது. வேடிக்கை பார்க்க இறங்காமலே கூட வந்த மீன்பெட்டிக்காரர் சொன்னார்: "அப்ப விக்கினம் உள்ளுக்குத்தான் இருந்திருக்கு."

வெற்றி என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கணம்தான். நான் ஸ்குரூ திருப்பியை எடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்தார்.

"கலியாணத்தண்டைக்குப் பிள்ளையாரைக் கழட்டுறதா? ஏலா."

"கழட்டாட்டி லொறி எடுபடாது."

"எடுபடாட்டிலும் பரவாயில்ல. அவரை அசைக்க விடமாட்டன்."

"அத்தான், அவர் வயருக்கு மேல இருக்கார்!"

"அவர் எங்க இருக்கோணுமெண்டு அவருக்குத் தெரியும்!"

மண்டூர்க் கரை கிட்ட வந்துவிட்டது. மேளம் உரத்துக் கேட்டது. மாமி கூறைத் தட்டை இறுக்கிப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனதில் 'இந்தக் குடும்பத்திலா' என்று ஓடியிருக்கும். அப்போது சுரேன் முன்னால் வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். இரண்டு கையையும் ஏந்தினார்.

"மாமா, கழட்டி என்ர கையில தாங்க. நான் வச்சிருக்கன். நிலத்தில வைக்க மாட்டன்."

அத்தான் அவரைப் பார்த்தார். மருமகனின் முதல் வேண்டுகோள். மறுக்க வழியில்லை. அத்தானே ஆணியைக் கழற்றி, பிள்ளையாரை எடுத்து, கண்ணில் ஒற்றி, சுரேனின் கையில் கொடுத்தார். நான் இரண்டு வயரையும் பிரித்து, அறுந்த மேல்தோலுக்கு டேப் சுற்றி, கழற்றிய பெட்டிகளைத் திரும்பப் பூட்டினேன். பற்றரியைப் பூட்டுமுன் திரும்ப அளந்தேன். மீற்றர் அறுபது காட்டியது. பற்றரியைப் பூட்டினேன். திறப்பைத் திருப்பினேன்.

எடுபட்டது.

பாதையில் நின்ற சனம் கைதட்டியது. ஒரு சிக்கல் மட்டும். பிள்ளையாரோடு சுரேன் கரையில் நடந்து போவதா? "வாகனத்தில இருந்த சாமி வாகனத்திலயே வரட்டும்" என்றார் மாமி. ஆகவே மாப்பிள்ளை, தலைப்பாகையோடு, மடியில் பிள்ளையாரோடு, வயர்கள் தொங்கும் என் லொறியில், எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அத்தான் பின்னால் மயில்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தார். மண்டூர்ச் சனம், மணவறையும் மாப்பிள்ளையும் ஒரே லொறியில் வந்திறங்கியதை அன்றுதான் பார்த்தது.

கலியாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மணவறை முழுதாக நின்றதா என்று கேட்காதீர்கள். தூண்கள் நின்றன. தோரணம் நின்றது. ஆட்கள் அவசரத்தில் பூட்டியதால் மயில்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஆனால் மதுரா நிலத்தில் இருக்கவில்லை.

இப்போது குடும்பத்தில் இரண்டு கட்சி. அத்தான் கட்சி சொல்வது: பிள்ளையார் காரணமில்லாமல் நிறுத்தவில்லை, லொறி ஓடியிருந்தால் ஏதோ ஒரு பெரிய விபத்து நடந்திருக்கும். என்ன விபத்து என்று கேட்டால், "அதுதான் நடக்கேல்லையே" என்பார். என் கட்சி சொல்வது: வாசல் கதவு ஆணி. என் கட்சியில் நானும் ரஷ்யாக்காரரும் மட்டும்தான்.

பிறகு ஒருநாள் கராஜ்காரர், கியர்க் கம்பின் அடியில் ஒரு சின்ன மூடி இருப்பதையும், அதைத் திறந்து திறப்பால் அமர்த்தினால் கம்பு அசையும், லொறியைத் தள்ளி இறக்கியிருக்கலாம் என்பதையும் சொன்னார். எனக்கு அது தெரியாமலில்லை. அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இதை அத்தானிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

படுவான்கரையில் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்றாரே? கூப்பிடுகிறார்கள். "மாப்பிள்ளையையும் லொறியிலயே ஏத்தி வருவீங்களா?" என்று கேட்கிறார்கள்.

கலியாண அல்பம் வந்தபோது, படம்பிடித்தவர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். பாதையில் எடுத்த படம் ஒன்று, முழுப் பக்கத்துக்கு. திறந்த லொறிக் கதவு. உள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள், பட்டுச்சேலை முழங்கால் வரை. பக்கத்தில் சால்வையில்லாமல், வாயைத் திறந்தபடி அத்தான். மதுரா அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு அப்பாவின் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், யாருடைய கால் என்று.

அத்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் சொல்வார்: "எங்கட மச்சாள். கலியாணத்துக்கு வந்திருந்தவ. முகம் மட்டும் படத்தில விழேல்ல."

கூடம் முழுக்கச் சிரிக்கும். நானும் அங்கே இருந்தால் எழுந்து போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்:

"படத்தில விழுந்த முகத்தை ஒருக்காப் பாருங்க. பாத்திட்டு, என்ர கால் எவ்வளவு திறம் எண்டு நீங்களே சொல்லுங்க."